16 வருஷ தேயிலை ஸ்டோர் வேலைய விட்டுட்டு எல்ல ஊர்ப் பக்கம் போகலாமா?

இரவு_சிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவ. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க. இப்ப ராத்திரி ஒன்றரை மணி. ஸ்டோர்ல, அதான் தேயிலை பேக்டரியில, முதல் ரோலர் (கொழுந்து உருட்டுற மிஷின்) ஓடிக்கிட்டு இருக்கு, பக்கத்துப் பெஞ்சில உக்காந்து போன்ல தட்டிக்கிட்டு இருக்கேன்.

பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல உதவி டீமேக்கர் நான், கொழுந்தத் தூளாக்குற வேலையப் பார்க்கிறவன். தோட்டத்துப் பேரும் கம்பெனிப் பேரும் வேணாம். வயசு 41. மாசச் சம்பள ஸ்டாப்பாச் சேர்ந்து 16 வருஷம். அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் தூள் சலிக்கிற காம்பராவுல நாள் சம்பளத்துக்கு நின்னவன். அம்மா கொழுந்து எடுத்தவங்க. அப்பா இதே ஸ்டோர்ல டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளினவர். எங்க லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு) இருந்து ஸ்டாப் குவார்ட்டஸுக்கு, அதான் கம்பெனி வீட்டுக்கு, ஏறின முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லல, பின்னால வர்ற சிக்கல்ல பாதி இதுலதான் இருக்கு.

விஷயத்துக்கு வர்றேன். ஏ.எல் வரைக்கும் என்னோட ஒரே பெஞ்சில இருந்த கூட்டாளி ஒருத்தன் கட்டார்ல 11 வருஷம் கிடந்துட்டு வந்து, எல்லயில இருந்து பசறை போற ரோட்டுல மூணு ஏக்கர் வாங்கியிருக்கான். பாதி காடாப் போன பழைய தேயிலை. ரோட்டோரமா நாலு ரூம் கட்டியாச்சு, வெள்ளக்காரங்க வந்து தங்குறாங்க. இப்ப பின்னால சின்னதா ஒரு ஸ்டோர் போட்டுக்கிட்டு இருக்கான். 10 கிலோ கொள்ளுற குட்டி ரோலர் ஒண்ணு, கரண்ட்ல ஓடுற டிரையர் ஒண்ணு, மேல் மாடியில கொழுந்த வாட்டி ஈரத்தக் குறைக்கிறதுக்கு வலைத் தட்டு. வர்றவங்க தாங்களே கொழுந்து எடுத்து, கையால உருட்டி, தூள சின்ன டப்பாவுல போட்டு ஊருக்குக் கொண்டு போவாங்களாம். போகப் போக வெளிநாட்டுக்கு நேரா அனுப்புற எண்ணமும் இருக்கு. "மச்சான், எனக்கு மிஷின் வாங்கத் தெரியும், தேயிலை தெரியாது. நீ வந்துரு" ங்கிறான்.

சம்பளம் 95 ஆயிரம். சாப்பாடு, தங்க ஒரு ரூம். அதோட லாபத்துல 10 வீதம். இங்க எனக்கு பேசிக் 62 ஆயிரம், ஓவர் டைம் எல்லாம் சேர்ந்து கைக்கு 69, 70 வரும்.

சித்திரை வருஷப்பிறப்பு முடிஞ்சு வரணுமாம். பதில் இந்த மாசக் கடைசிக்குள்ள.

இங்கத்த நிலமையச் சொல்றேன். நான் சேர்ந்தப்ப நல்ல நாள்ல 14 ஆயிரம் கிலோ பச்சக் கொழுந்து வரும், ஆறு ரோலரும் ஓடும். இப்ப 5 ஆயிரம் வந்தாலே டிரைவர் ஹோர்ன் அடிச்சுக்கிட்டு வர்றார். ரெண்டு ரோலருக்கு வேலை இல்ல, சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கு. 2021ல உரத்த நிப்பாட்டினதுல விழுந்தது. உரம் திரும்பி வந்துச்சு, ஆள் திரும்பி வரல. பொடியன்கள் எல்லாம் கொழும்பு. ரெண்டு மலைய அப்படியே காடாக விட்டாச்சு. பக்கத்து ஸ்டோர மூடி அந்தக் கொழுந்த நமக்கு அனுப்பப் போறாங்கன்னு ஒரு கதை. நம்மள மூடி அங்க அனுப்பப் போறாங்கன்னு இன்னொரு கதை. பெரிய துரைகிட்ட (தோட்ட மேனேஜர்) கேட்டா சிரிக்கிறார்.

வேலை பிடிக்கலன்னு மட்டும் நினைக்காதீங்க. வாட்டுற தொட்டில இருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிச்சு விடுவேன். உருண்டை குலையாம நின்னா பதம். விரிஞ்சு, உள்ள குச்சி 'டக்'னு ஒடிஞ்சா இன்னும் காத்து வேணும். உருட்டி உடைச்ச இலைய, நாங்க 'டூல்'ம்போம், மேசையில விரிச்சதும் முதல்ல பீர்க்கங்காத் தோல் சீவின மாதிரி ஒரு பச்ச வாசம் வரும். நேரம் போகப் போக, பழுத்த கொய்யாவ வெட்டின மாதிரி ஒரு இனிப்பு ஏறும். அது ஏறி இறங்குறதுக்குள்ள டிரையருக்குப் போயிரணும். முந்தினா கொழும்புல இருந்து வர்ற புரோக்கர் ரிப்போர்ட்ல 'கிரீனிஷ்'னு இருக்கும், பிந்தினா 'சாப்ட்'. எனக்கு இதக் கத்துக் குடுத்த பெரிய டீமேக்கர் ராத்திரி சிப்ட்ல வெத்தல போட மாட்டார். மூக்கு மழுங்கிரும்பார்.

போன வருஷம் மேல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. எந்த நாளா இருந்தாலும் ஒரே நிமிஷக் கணக்கு, மணிக்கூட்டப் பார்த்து டிரையருக்கு ஏத்து, பாரத்துல எழுது. மழ நாளும் வெயில் நாளும் ஒண்ணாம். ஜனவரி குளிருக்கு டூல் ஏற நேரம் எடுக்கும்னு சொன்னேன். "உங்க மூக்குக்கு நாங்க எப்படி ஆடிட் பண்றது?"ன்னு ஒரு சின்ன வயசு ஆள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அன்னைக்கு ராத்திரி பாரத்துல எழுதினது ஒண்ணு, நான் செஞ்சது ஒண்ணு. இப்பவும் அப்படித்தான் ஓடுது.

இனி என் பயம்.

குவார்ட்டஸ். ரெண்டு ரூம், முன்னால இஸ்தோப்பு (திண்ணை), பின்னால அம்மா போட்ட லீக்ஸ் பாத்தி. வேலைய விட்டா அதுவும் போச்சு. அப்பா அம்மா எங்களோடதான் இருக்காங்க. அவங்க இருந்த லயக் காம்பராவுல இப்ப அண்ணன் குடும்பம், அஞ்சு பேர். 7 பேர்ச் காணி குடுக்கிற பட்டியல்ல அப்பா பேர் இருக்குன்னு மூணு எலெக்சனா சொல்றாங்க. மகள் ஹட்டன்ல தரம் 10, அடுத்த வருஷம் ஓ.எல். மனைவி முன்பள்ளி டீச்சர், அதுல வர்றது பஸ்ஸுக்கும் சாரிக்கும் சரி.

சிங்களம் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ் ரிப்போர்ட் வாசிப்பேன், வெள்ளக்காரனோட நின்னு கதைக்க வாய் வராது.

அப்பாகிட்ட சொன்னேன். "முப்பது வருஷம் அந்த அடுப்புகிட்ட நான் வெந்தது, நீ போய் தொரமாருக்குக் கொழுந்து எடுக்கக் காட்டிக் குடுக்கவா?"ன்னுட்டு எழும்பிப் போயிட்டார். மனைவி ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி பெட்டியில இருந்து பேங்க் புத்தகத்த எடுத்து மேசையில வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் விளங்கல.

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. ரோலர் நிக்கப் போகுது, வர்றேன்.


கொழும்பு13_பொடியன்:

போங்க அண்ணே, யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? நான் 19 வயசுல ஒரு பேக்கோட வெளிக்கிட்டவன். ஜிந்துப்பிட்டியில கடையில நிக்கிறேன், யாரும் என்ன "டேய்"னு கூப்பிடுறதில்ல. அந்த ரெண்டு ரோலருக்குச் சாக்கு போட்ட மாதிரி உங்களுக்கும் ஒரு நாள் போடுவாங்க.


இரவு_சிப்ட்:

தம்பி, 19 வயசுல ஒரு பேக் போதும். எனக்கு லொறி வேணும்.


செக்ரோல்:

நான் தோட்டக் காரியாலயத்தில் 22 வருடம் செக்ரோல், அதாவது ஆள் வரவும் சம்பளமும் பதியும் புத்தகம், எழுதியவன். இப்போது சங்க வேலைகளில் இருக்கிறேன். போவதா இருப்பதா என்று நான் சொல்லப் போவதில்லை. காசுக் கணக்கை மட்டும் பார்ப்போம், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் கதைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்திருந்தால் நீங்களாக விலகினாலும் கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு, கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், வருடத்துக்கு ஒன்று. 62,000ல் பாதி 31,000. அதைப் 16ஆல் பெருக்கினால் 4,96,000. விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். நாள் சம்பளத்துக்கு நின்ற அந்த இரண்டு வருடத்துக்கும் செக்ரோலில் பேர் விழுந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அது வேறு கணக்கு, ஆனால் கணக்குத்தான். பழைய செக்ரோல் காரியாலயத்தில் கறையான் அரிக்காமல் இருந்தால் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குவார்ட்டஸைக் காலி பண்ணும் வரை பணிக்கொடைக் காசோலையை மேசை லாச்சிக்குள் வைத்திருந்த நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டுப் போனால்தான் காசு, காசு வந்தால்தான் வேறு வீடு. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம் சாமான்களைக் கோயில் மடத்தில் அடுக்கி வைத்திருந்த ஒரு கணக்கப்பிள்ளையை எனக்குத் தெரியும். ஆகவே விலகல் கடிதத்தில் குவார்ட்டஸ் ஒப்படைக்கும் திகதியையும் பணிக்கொடைத் திகதியையும் ஒன்றாகவே எழுதுங்கள். இழுத்தடித்தால் ஹட்டன் தொழில் காரியாலயம் இருக்கிறது.

சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) பொதுவாக 55 வயது வரை அங்கேயே இருக்கும், அதை இப்போது காசாக நினைக்காதீர்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.டி.எஃப்), அதாவது முதலாளி கட்டும் அந்த 3 வீதம், விலகினால் எடுக்கலாம். ஆனால் ஒரு தடவை எடுத்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான்.

இப்போது கூட்டாளியின் 95 ஆயிரம். அவர் உங்களுக்கு 12 வீதம் சேமலாப நிதியும் 3 வீதம் நம்பிக்கை நிதியும் கட்ட வேண்டும். 11,400, 2,850. மொத்தம் 14,250 ரூபா மாதத்துக்கு, அவருடைய பையில் இருந்து, சம்பளத்துக்கு மேல். உங்கள் பங்கு 8 வீதம் 7,600. "மச்சான், அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு" என்று அவர் சொன்னால் உங்கள் உண்மையான சம்பளம் 95 அல்ல. இன்னொன்று, 15 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்துக்கு அந்தப் பணிக்கொடைச் சட்டம் கட்டாயமாகாது. நாலு ரூமும் ஒரு குட்டி ரோலரும் உள்ள இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அங்கே இன்னொரு 16 வருடம் நின்றாலும் வெறும் கையோடு வரலாம். வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

10 வீதம் எதில்? ரூம் வருமானத்திலா, தேயிலையில் மட்டுமா? மிஷின் கடன் கட்டிய பிறகா, முன்பா? லாபம் என்ற சொல்லுக்குள் எத்தனை கதவு இருக்கிறது என்று கணக்கு எழுதியவனுக்குத் தெரியும்.

கடைசியாக, தூள் செய்து விற்க இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவு வேண்டும். ஏற்றுமதி என்றால் ஏற்றுமதியாளர் பதிவு வேறு. அது கையில் இருக்கிறதா, "போட்டிருக்கேன்" என்கிறாரா?


நமுனுகுல_அக்கா:

தம்பி, நான் அந்தப் பக்கத்து ஆள்தான். நானும் வீட்டுக்காரரும் எல்லயில மூணு ரூம் வச்சிருக்கோம். உங்க கூட்டாளி இடம் எதுன்னு ஒரு ஊகம் இருக்கு, சொல்ல மாட்டேன்.

வெள்ளக்காரன் வந்தா வருவான், நின்னா நிப்பான். 2019 ஏப்ரல் குண்டு வெடிச்சப்ப ஒரே ராத்திரியில எங்க புக்கிங் எல்லாம் போச்சு. அதுல இருந்து எழும்பினோம், 2020 மார்ச்சில கொரோனா. அதுல இருந்து எழும்பினோம், 2022ல பெற்றோல் வரிசை. பிறகு ரெண்டு மூணு வருஷம் நல்லா ஓடிச்சு, ரூம் கட்டாதவன் பைத்தியக்காரன்னு சொன்னாங்க. 2025 நவம்பர்ல டித்வா புயல், மலைப் பக்கத்து ரயில் பாதை பல இடத்துல மண்ணுக்குள்ள போச்சு. ரயில்ல தொங்கிப் படம் பிடிக்கத்தானே பாதிப் பேர் எல்லக்கு வர்றான்? ரயில் இல்லன்னதும் டவுன் வெறிச்சுப் போச்சு. ஒவ்வொரு தடவையும் நாங்க தப்பினது, வீட்டுக்காரர் பண்டாரவளையில பஸ் டிப்போ வேலைய விடாததால. இத நல்லா மனசுல வச்சுக்குங்க. வீட்டுல ஒரு சம்பளம் மாசாமாசம் வரணும். உங்க வீட்டுல அது நீங்கதான்.

நல்ல வருஷத்துலயும் டிசம்பர்ல இருந்து ஏப்ரல், பிறகு ஜூலை ஆகஸ்ட். மே ஜூன்ல ஆள் குறைவு, ஒக்டோபர் நவம்பர்ல மழைய எண்ணிக்கிட்டு இருக்கலாம். அந்த மாசத்துல 95 வருமான்னு கேளுங்க.

இன்னொண்ணு. தேயிலை காட்டுற வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுதான் போறீங்களா? பக்கத்துல ஒரு இடத்துல பார்த்தேன். கூடைய முதுகில மாட்டி, சேலை கட்டிவிட்டு, பத்து நிமிஷம் கொழுந்து எடுக்கிறாங்க. முழுக்கப் படம்தான். அட்டை ஏறினா கத்திக்கிட்டு ஓடி வந்துருவாங்க. பதினொரு மணிக்கு அடுத்த இடத்துக்கு வேன் நிக்கும். நீங்க சொல்ற கொய்யாப்பழ வாசம் வர்ற வரைக்கும் யார் நிக்கப் போறா?

இங்கிலீஷுக்குப் பயப்படாதீங்க. ரெண்டு மாசத்துல வரும், எனக்கே வந்துச்சு. மகள மட்டும் ஓ.எல் முடியிற வரைக்கும் அசைக்காதீங்க.

மனைவி பேங்க் புத்தகம் வச்சதுக்கு அர்த்தம் விளங்கலயா? ஆம்பிளைங்க! உள்ள எவ்வளவு இருக்குன்னு பார்த்தீங்களா இல்லையா?


பழைய_டீமேக்கர்:

தம்பி, நான் ஹப்புத்தளைப் பக்கம் 34 வருஷம் தேயிலை செய்தவன். இப்போது வத்தளையில் மகன் வீட்டில். இங்கே கடைத் தூளைக் குடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன். பீர்க்கங்காய்த் தோல் சரி. கொய்யா என்பது உங்கள் திம்புல பக்கத்து மூக்கு.

எல்ல இருக்கும் ஊவாவில் அது வேறு. தென்மேற்கு மழை உங்கள் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை அந்தக் கச்சான் காற்று. கொழுந்து செடியில் நிற்கும்போதே பாதி வாடிவிடும். மத்தியானத்தில் மலையில் நின்றால் இலை காகிதம் மாதிரி சலசலக்கும். அந்த நாட்களில் செய்த தூளில் தலைவலித் தைலம் மாதிரி ஒரு குளிர்ச்சி மூக்கில் ஏறும். வருஷத்தில் சில கிழமைகள்தான். அதைச் சரியாகப் பிடித்தால் புரோக்கர் கொழும்பில் இருந்து டெலிபோன் எடுப்பான். நான் பிடித்த வருஷங்களை இப்போதும் விரல் விட்டு எண்ணுவேன். உங்களுடைய 16 வருஷ மூக்கு அங்கே முதல் சீசனில் தடுமாறும், அதற்கு வெட்கப்படாதீர்கள்.

குட்டி ரோலர் இன்னொரு பிசாசு. பெரிய ரோலரில் பாரமே பாதி வேலை செய்யும். 10 கிலோவில் பாரம் கிடையாது, இலை நழுவும். சின்ன அறையில் ஈரம் நிற்காது, விரித்த டூலின் ஓரம் கறுத்துக் காய்ந்துவிடும், நடு இன்னும் பச்சையாக இருக்கும். ஈரத் துணி கட்டித் தொங்கவிட வேண்டி வரும். போய்க் கையால் மூன்று தடவை செய்து பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள்.

குவார்ட்டஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு குவார்ட்டஸ் சேர்ந்த மாதிரி பெரிய வீடு, முன்னால் ரோஜா. 58 வயதில் ஓய்வு தந்தார்கள், மாலை போட்டார்கள், ஒரு மணிக்கூடு தந்தார்கள். மூன்று மாதத்தில் புதிய டீமேக்கரின் சாமான் வந்து வாசலில் நின்றது. 34 வருஷத்தில் எனக்கென்று ஒரு பேர்ச் வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் வீடு இருந்தது. உங்களுக்கு அந்த வீடு இப்போது போனாலும் போகும், 17 வருஷம் கழித்தும் போகும். 41 வயதில் போனால் சுவர் எழுப்பத் தெம்பு இருக்கும். நான் அந்த ரோஜாவைக் கூடப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. மகன் வீட்டில் வைக்க மண் இல்லை, முழுக்க சிமெந்து.

நான் போகச் சொல்லவில்லை. அந்த வீட்டைக் காரணமாகச் சொல்லி இருக்காதீர்கள்.


செக்ரோல்:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று: சம்பளமில்லா லீவு கேட்டுப் பாருங்கள். எழுத்தில்.


இரவு_சிப்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாளாப் பதில் போடல, போய்ட்டு வந்து எழுதுவோம்னு இருந்தேன்.

முதல்ல அக்கா கேட்டதுக்கு. புத்தகத்துல 3 லட்சத்து 40 ஆயிரம் இருந்துச்சு. எனக்குத் தெரியாமலே. சீட்டு புடிச்சதும் பெட்டிக்கடைக்கு முறுக்கு சுட்டுக் குடுத்ததுமாம். "இத வச்சு பண்டாரவளைப் பக்கம் காணி பார்க்கலாமா, இல்ல நோர்வூட்டுலயே பார்க்கலாமான்னு நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன்"னா. அவ போகலாமா வேணாமாங்கிறதத் தாண்டி எங்கயோ போயிட்டா.

மூணு நாள் லீவு போட்டு எல்லக்குப் போனேன். அப்பாவும் வந்தார். வர மாட்டேன்னார், காலையில பார்த்தா தலப்பாகை கட்டி இஸ்தோப்புல உக்காந்திருக்கார்.

முதல் தடவ செஞ்சது நாசம். மாடியில சூட்டுக் காத்து அடிக்க வழி இல்ல, ராத்திரி பூரா பனிப்புகார். விடியக்காலம் கைப்பிடி எடுத்துப் பிடிச்சா குச்சி 'டக் டக்'னு ஒடியுது. இன்னும் ஆறு மணித்தியாலம் வேணும்னு சொன்னேன். கூட்டாளி ஒரு பலகையக் காட்டினான், அழகா இங்கிலீஷ்ல அடிச்சு மாட்டியிருக்கான்: 9.00 கொழுந்து எடுத்தல், 10.00 உருட்டல், 12.00 தேநீர். பத்து மணிக்கு ஜெர்மன்காரங்க ஆறு பேர் ரோலருக்கு முன்னால நிக்கிறாங்க. வாடாத இலையப் போட்டேன். உருட்டல, கிழிச்சுது. வந்த தூளுக்கு பச்சப் புல்லுத் தண்ணி மாதிரி ருசி. ஜெர்மன்காரங்க 'வொண்டர்புல்'னு குடிச்சாங்க. எனக்கு மூஞ்சி காட்ட முடியல. மணிக்கூட்டுக்குப் பயந்து இங்க இருந்து வெளிக்கிட்டா, அங்க அது சுவத்துலயே தொங்குது. அக்கா நீங்க சொன்னது அச்சொட்டா அதுதான்.

அன்னைக்கு ராத்திரி கூட்டாளியோட சண்ட. பெரிய சண்டயே. "வர்றவனுக்கு ருசி தெரியாது மச்சான்"னான். "எனக்குத் தெரியுமே"ன்னேன். அப்புறம் அப்பாதான் குறுக்க வந்தார். "இன்னைக்கு எடுக்கிறவன் நேத்து எடுத்தத உருட்டட்டும். அவன் எடுத்தத நாளைக்கு வர்றவன் உருட்டுவான். எங்க காலத்துலயும் அப்படித்தானே, எடுத்தவ ஒருத்தி, குடிச்சவன் ஒருத்தன்." பலகையில ஒரு வரி மாத்தினா முடிஞ்சுது. எனக்குத் தோணல, அவனுக்கும் தோணல.

ரெண்டாவது தடவ ஐயா சொன்ன மாதிரியே ஓரம் கறுத்துச்சு. ஈரத் துணி கட்டினேன். மூணாவது குடிக்கலாம். நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், குடிக்கலாம். அப்பா மின்சார டிரையரச் சுத்திச் சுத்தி வந்து, கீழ குனிஞ்சு பார்த்து, "நெருப்பு எங்கடா?"ன்னார். சுவிச்சக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, "இதுக்கு ஆள் வேணாமே"ன்னார். சிரிச்சாரா இல்லையான்னு சரியாத் தெரியல.

செக்ரோல் அண்ணன் கேட்டதெல்லாம் ஒரு கொப்பியில எழுதிக்கிட்டுத்தான் போனேன். தேயிலைச் சபைப் பதிவு "போட்டிருக்கேன்" கேசுதான். சேமலாப நிதிக்கு "அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு மச்சான்"னு வார்த்த மாறாம அப்படியே சொன்னான், எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கொப்பியக் காட்டினதும் கொஞ்சம் முகம் சுருங்கிச்சு. ஆனா உக்காந்து கணக்குப் பார்த்தான். 95க்கு மேல 14,250 முடியாதாம். 85 ஆயிரமா வச்சு நிதி எல்லாம் முறையாக் கட்டுறேன்னான். மழ மாசத்துக்கும் அதே சம்பளம். 10 வீதம் தேயிலையில மட்டும், மிஷின் கடனுக்கு முன்னாலயா பின்னாலயாங்கிறதுல இன்னும் இழுபறி.

நான் சொன்னது இது. சித்திரை முடிஞ்ச கையோட இங்க விட்டுட்டு வர மாட்டேன். ஜூலையில இருந்து மூணு மாசம் சம்பளமில்லா லீவு கேக்கிறேன், கிடைச்சா வந்து ஊவாக் காத்துல செஞ்சு பார்க்கிறேன். மகளும் மனைவியும் ஓ.எல் முடியிற வரைக்கும் இங்கதான். அதுக்குள்ள பதிவு வரணும். வராட்டி நான் இல்ல. மாசக் கடைசிக்குள்ள பதில் வேணும்னு நின்னவன், "சரி, ஜூலை"ன்னான். ஆனா நான் கிடைக்காட்டி வேற ஆளப் பார்ப்பேன்னும் சொன்னான். அது நியாயம்.

பெரிய துரைகிட்ட லீவுக் கடிதம் நேத்துக் குடுத்தேன். வாசிச்சுட்டு இந்தத் தடவ சிரிக்கல. "உக்காரு"ன்னார். 16 வருஷத்துல அந்த ரூம்ல நான் உக்காந்தது அதுதான் முதல் தடவ. கம்பெனிக்கு அனுப்புறேன்னு வாங்கி வச்சுக்கிட்டார். மூணு மாசம் ஆள் இல்லாம ஸ்டோர் ஓடுதுன்னு கண்டுட்டாங்கன்னா என் வேலையே தேவையில்லன்னு ஆகிருமோங்கிற பயமும் இருக்கு, மறைக்கல.

நோர்வூட் பக்கம் 10 பேர்ச் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டோம். ஞாயித்துக்கிழமை மனைவியோட பார்க்கப் போறேன். மண் சரிவு வந்த பக்கமான்னு விசாரிக்கணும்.

கூட்டாளி ஒப்பந்தத்த ஒரு வக்கீலக் கொண்டு எழுதி அனுப்புறேன்னிருக்கான். இன்னும் வரல. வந்ததும் பேர எல்லாம் மறைச்சுட்டு இங்க போடுறேன், செக்ரோல் அண்ணன் அந்த 10 வீத வரிய மட்டும் நல்லாப் பாருங்க.